நான் கழுவாத கால்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாய்த்தான் வரும். வருஷமும் கிழமையும் மறந்துபோகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் வேலை பார்த்தேன். சுக்கு வெளுக்கச் சுண்ணாம்புத் தூளில் புரட்டுவோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது முகம், இமை, தலைமயிர் எல்லாம் வெள்ளையாயிருக்கும்.

கிடங்கின் பின்சந்தில், ஒரு மாடியறையில், கால் விழுந்துபோன கிழவி ஒருத்தி கிடந்தாள்; எல்லாரும் அம்மச்சி என்பார்கள். அவளுடைய ஒரே மகள் வைப்பின் தீவுக்குப் போன வள்ளம் கவிழ்ந்து காயலில் செத்துப்போனவள். மருமகன் காலையில் கஞ்சி வைத்துவிட்டு, கதவுக்குக் கொண்டி மட்டும் போட்டுப் போவான். சாப்பாட்டு நேரத்தில் முனகல் கேட்டு ஒருநாள் ஏறினேன். காலெல்லாம் புண். கழுவித் துணி சுற்றினேன். அவள் என் வெள்ளை முகத்தையே பார்த்தாள்.

"வந்தியா மோளே? காயல்ல குளிருதா?"

துணியை முடிந்துவிட்டு இறங்கினேன். தினமும் போனேன், தினமும் அவளுக்கு நான் மகள்தான். பொய் சொல்லுகிறோமே என்று உறுத்தியது. ஒருநாள் குழாயடியில் முகத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு ஏறினேன்.

"நீ யாரு? எம்மோள் இப்பத்தான் கழுவிட்டுப் போனா."

கொண்டி நான் திறந்ததுதான். குடம் நேற்று நான் கவிழ்த்தபடியே உலர்ந்து கிடந்தது. ஆனால் கால்விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டியது. தொட்டு முகர்ந்தேன். காயல் வாடை.

கிடங்கில் என் பக்கத்தில் சுக்குச் சலிக்கும் அக்காவிடம் சொன்னேன்.

"உன்னை ஆருடீ போகச் சொன்னா? மேஸ்திரியா, மாதா கோயில் சாமியாரா?"

"ஆரும் சொல்லலக்கா."

"பின்னே போகவேண்டா. உனக்கு மாத்தாள் கிட்டியாச்சே" என்று சிரித்தாள்.

போகாவிட்டால் புண்ணில் புழு வைக்கும். போனால் அந்த இன்னொருத்தி இருப்பாள். அப்பா சொன்னவரைக் கட்டினேன், மேஸ்திரி காட்டிய மூட்டையைப் பிரித்தேன். அந்த மாடிப்படி ஒன்றுதான் யாரும் சொல்லாமல் நான் ஏறியது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று கோயிலில் பன்னிரண்டு பேர் காலைக் கழுவும்போது சாமியார் சொல்வார், ஆண்டவரை யாரும் குனியச் சொல்லவில்லை என்று. பயம் சொன்னதைக் கேட்டு நான் நின்றுவிட்டால் அதுவும் எனக்கு ஒரு மேஸ்திரிதானே.

மறுநாள் முகம் கழுவிக்கொண்டுதான் ஏறினேன். அம்மச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"மோளே, நீ அந்தக் காலப் பாரு. இவ இந்தக் காலப் பாக்கட்டு."

கட்டிலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். எனக்குக் கிட்டே இருந்த காலை மடியில் எடுத்து வைத்துக் கழுவினேன். எதிர்ப்பக்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை. அங்கிருந்து குளிர் என் முழங்கைவரை வந்தது. துணியைக் கடைசிவரை சுற்றி முடித்தேன்.

மழைக்காலத்தில் அம்மச்சி இறக்கும்வரை அப்படியே செய்தேன். இரண்டு காலிலும் புண் ஆறியிருந்தது. அதற்குப்பின் நான் கழுவியது ஒரு காலை மட்டும்தான்.

அந்தக் கிடங்கில் வேலை பார்த்த பழைய ஆட்கள் யாராவது இருந்தால் ஒரு உபகாரம்: அந்த மாடிக்கு மத்தியானத்தில் வேறு பெண் யாராவது போனதுண்டா என்று விசாரித்துச் சொல்லுங்கள். நான் தப்பாக எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள்.