விளக்கு நேரத்தில் பிரெஞ்சு

எங்கள் வீட்டில் பிரெஞ்சு மொழிக்குத் தடை விதிக்கப்பட்ட பன்னிரண்டு நாட்களுக்கும் முழுக் காரணம் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் மலையாளத்திலும் வீட்டில் தமிழிலும் வாயடித்துக்கொண்டிருந்தவளுக்கு மூன்றாவதாக ஒரு மொழி கையில் கிடைத்ததும் தலைகால் புரியவில்லை.

கரமனையில் வாடகை வீடு. அப்பா தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜர். அவர் எப்போது வீட்டுக்கு வருவார் என்பது அவருக்கே தெரியாது. அம்மா கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். அங்கே பிரான்சு நாட்டு வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் சொல்வதற்கென்று ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். கம்பெனி வைக்கும் வாய்மொழித் தேர்வில் தேறினால் அந்தப் பிரிவில் நிரந்தர வேலை. தேறாவிட்டால் ஜூலையோடு ஒப்பந்தம் முடிந்து வீட்டில் இருக்க வேண்டியதுதான். அம்மா ஏற்கெனவே ஒரு தடவை போய்த் தோற்றுவிட்டு வந்திருந்தாள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம்.

அவளைக் கவிழ்த்தது ஒரே ஒரு பாடம். நடந்திருக்கக்கூடியதும் ஆனால் நடக்காமலே போனதுமான காரியங்களைச் சொல்லும் வினை வடிவம் அது. வந்திருப்பேன், சொல்லியிருப்பேன் என்கிறோமே, அது. இது இல்லாமல் புகார்ப் பிரிவில் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது என்றாள் அம்மா. ‘உங்களுக்கு முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும்’ என்று மன்னிப்புக் கேட்பதற்கே அதுதானாம் வேண்டும்.

தேதி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் பாடத்தை எழுதி ஃபிரிட்ஜ் கதவு முழுக்க ஒட்டி வைத்திருந்தாள். பிரெஞ்சுக்காரர்கள் ‘என்னிடம் இருக்கிறது’ என்று சொல்வதற்கு அவ்வார் என்று ஒரு வினை வைத்திருக்கிறார்கள். முதலில் அதை வளைத்துக்கொள்ள வேண்டும்: ஓரே, ஓரே, ஓரே, ஓரியோன், ஓரியே, ஓரே. அதன் பின்னால் சொல்ல வந்த வினையை முடிந்துபோன வடிவத்தில் ஒட்டினால் தின்றிருப்பேன், பார்த்திருப்பேன் எல்லாம் வந்துவிடும். போவது, வருவது, பிறப்பது, சாவது மாதிரிச் சில வினைகளுக்கு மட்டும் அவ்வார் ஆகாது, எத்ர் என்று வேறொன்று வேண்டும். நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே ‘இரு’ போதுமே, இவர்களுக்கு ஏன் இந்தப் பாடு என்று நான் கேட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை.

இதோடு முடியவில்லை. ‘வந்திருப்பேன்’ என்று மட்டும் சொன்னால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். முன்னால் ‘ஸி’ போட்டு, ‘தெரிந்திருந்தால்’ என்று ஒரு பாதி வைக்க வேண்டும். அந்த முன்பாதியில் ஓரே வரவே கூடாது. அம்மா சரியாக அங்கேதான் ஓரேயைக் கொண்டுபோய் வைப்பாள். தாளை வைத்துக்கொண்டு பாடம் கேட்கும் நான் ஸ்கேலால் மேசையில் ஓங்கித் தட்டுவேன். என் கணக்குப் பாடத்தின்போது அவள் எனக்குச் செய்ததுதான், நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

அம்மா சனிக்கிழமைதோறும் போகும் பிரெஞ்சு வகுப்பின் மிஸ் ஒரு யோசனை சொல்லியிருந்தாள். புத்தகத்து வாக்கியம் நாக்கில் நிற்காது, சொந்த வாழ்க்கையிலிருந்து எடுத்துச் செய்யுங்கள் என்று. அம்மா இருபது வாக்கியங்கள் எழுதினாள். மேலே பிரெஞ்சு, கீழே எனக்காகத் தமிழ். பைபாஸ் நெரிசலில் நின்று நின்று வரும் பஸ்ஸில் அவள் வந்து சேர ஆறே கால் ஆகும். சாப்பாடு முடிந்தால் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிடுவாள். எனவே ஆறரை முதல் எட்டு வரைதான் படிப்பு. அத்தை பூஜை அலமாரியில் விளக்கேற்றுவதும் ஆறரைக்குத்தான்.

அத்தை அப்பாவின் அக்கா. மாமா காலமான பிறகு நாகர்கோவில் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து இருந்தாள். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பிரியமானவள்தான், ஆனால் விளக்கு நேரத்தில் மட்டும் போலீஸ் மாதிரி. அந்த நேரத்தில் தலை சீவக்கூடாது, இல்லை என்று சொல்லக்கூடாது, முக்கியமாகக் கெட்ட வார்த்தை எதுவும் வாயில் வரக்கூடாது. வானத்தில் போகிற தேவதை அதைக் கேட்டு ‘அப்படியே ஆகட்டும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுமாம். அரிசி தீர்ந்துவிட்டது என்பதைக்கூட எங்கள் வீட்டில் எட்டு மணிக்குப் பிறகுதான் சொல்வோம்.

ஒரு நாள் அத்தை திரியைத் தூண்டிக்கொண்டே என்னிடம் கேட்டாள். “உங்க அம்மை தெனமும் என்னவாக்கும் சொல்லுகா? மந்திரம் கணக்கா இருக்கே.”

மொழிபெயர்ப்பாளர் பதவி தானாக என்னைத் தேடி வந்துவிட்டது. தாளை எடுத்துக் கணீரென்று வாசித்தேன். ‘பொன்முடி மலையில் அன்று கடைசி பஸ்ஸைத் தவறவிட்டிருந்தால், நாங்கள் குளிரில் செத்திருப்போம்.’

அத்தை விளக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு உற்சாகம் கூடிவிட்டது. அம்மா சமையலறையிலிருந்து கையைக் காட்டிக்கொண்டு ஓடி வருவதற்குள் அடுத்ததையும் வாசித்துவிட்டேன். ‘என் அப்பா என்னை மேலே படிக்கவிட்டிருந்தால், இருபது வயதில் கல்யாணம் செய்திருக்க மாட்டேன்.’

அம்மாவைப் பெண் பார்த்து, பேசி முடித்து, தன் தம்பிக்குக் கட்டிவைத்தது அத்தைதான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாசித்தேன். பிழையில்லாமல் வாசிக்கிற பெருமை அப்படி.

“மைனி, அது வெறும் பாடமாக்கும்” என்றாள் அம்மா.

“பாடம்னா பாடமா இருக்கட்டும் பிள்ளே. வெளக்கு எரியும்போ இந்த வீட்டுல அது வேண்டாம்.” அத்தை சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அம்மா பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள், விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

தடை அமலுக்கு வந்தது. அம்மா மொட்டைமாடியில் படித்துப் பார்த்தாள், மழை விரட்டியது. பஸ்ஸில் முணுமுணுத்துப் பார்த்தாள், பக்கத்து ஸீட்டுக்காரி எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாளாம். சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் மூன்றாவது வாக்கியத்தில் தலை சாயும். தேர்வுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அம்மாவின் வேலை போனால் அதற்கு நான்தான் காரணம் என்று நன்றாகவே புரிந்தது.

அன்று சாயங்காலம் அத்தையிடம் வாதாடப் போனேன். அவள் திரி திரித்துக்கொண்டிருந்தாள்.

“அத்தே, அது நடக்கப் போறதச் சொல்லுகது இல்ல. நடக்காமப் போனதத்தான் சொல்லும். தேவதை அப்படியே ஆகட்டும்னு சொன்னாலும், இனிமே ஆகுறதுக்கு அதுல ஒண்ணும் பாக்கி இல்லல்லோ?”

என் வாழ்க்கையில் இதைவிடச் சிறந்த வாதத்தை நான் இன்றுவரை வைத்ததில்லை. அத்தை திரியைக் கீழே வைத்தாள்.

“நடக்காமப் போனத மட்டுமாக்கும் சொல்லும்?”

“ஆமா.”

“கழிஞ்சு போனதயா?”

“ஆமா அத்தே.”

அத்தை மறுபடி திரியைக் கையில் எடுத்துக்கொண்டாள். நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மறுநாள் விளக்கேற்றிய கையோடு அத்தையே கூப்பிட்டாள். “பிள்ளே, உன் புஸ்தகத்த எடுத்துட்டு வா. எனக்கு ஒண்ணு எழுதித் தா.”

அம்மா பேனாவும் தாளுமாக வந்து உட்கார்ந்தாள். அத்தை அவள் காதோடு ஏதோ சொன்னாள். அம்மா எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் தமிழில் சொன்னாள். “அவளுக்கு இப்போ இருபது வயசு ஆகியிருக்கும். இதுக்கு எதும்மா வரும்?”

“வயசுக்கு அவ்வார்தானம்மா. இதுகூடவா தெரியாது? எல் ஓரேத் யூ வேன்த்தான்.” பெருமையில் எனக்கு நிலைகொள்ளவில்லை. நான் அவ்வளவு எளிதாகச் சொன்னதை அம்மா எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது.

அத்தை திருப்பிச் சொன்னாள். யூ என்ற இடத்தில் உதட்டைக் குவிக்கச் சொல்லி ஆறேழு தடவை திருத்தினேன். அவளும் சலிக்காமல் சொன்னாள், விளக்கைப் பார்த்தபடி. ‘அவள்’ யார் என்று கேட்டதற்கு, “புஸ்தகத்துல வாற பொண்ணு மக்களே” என்றாள். அன்றோடு தடை நீங்கியது. அம்மா விட்ட நாட்களுக்கும் சேர்த்துப் படித்தாள், தேர்வுக்குப் போனாள், தேறினாள். அப்பா லாட்ஜிலிருந்து சீக்கிரமாக வந்து எங்கள் மூன்று பேரையும் ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனது அந்த வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். இன்றைக்கு அம்மா அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளர்.

அத்தை பாடத்தை விடவில்லை. ஒவ்வோர் ஆனி மாதமும் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு வயதில் ஒன்றைக் கூட்டித் தரச் சொல்வாள். வாக்கியமும் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. அவள் காலேஜ் முடித்திருப்பாள். வேலைக்குப் போயிருப்பாள். அவளுக்கு முடி நீளமாக இருந்திருக்கும். அத்தைக்கு ஒரு பெண் பிறந்து பதினொரு நாளில் போய்விட்டது என்பதை நான் பிளஸ் டூ படிக்கும்போதுதான் அம்மா சொன்னாள். அதற்குள் ஏழு வருஷம் அத்தைக்கு வாத்தியாராக இருந்துவிட்டிருந்தேன். கண்டிப்பான வாத்தியார். அவள் வாக்கியங்களுக்குப் பத்துக்கு ஆறுக்கு மேல் நான் போட்டதே இல்லை.

“ஸி எங்க அத்தே? முன்பாதி இல்லாம இது முழுசாகாது. என்ன நடந்திருந்தால்னு சொல்லணும்.”

“அது வேண்டாம் மக்களே. பின்பாதி மட்டும் போதும்” என்பாள் அத்தை.

எத்தனை தடவை சொன்னாலும் படிக்க மாட்டேன் என்கிறாளே என்று எனக்குக் கோபம் வரும். சிவப்புப் பேனாவை எடுத்து நாலு மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன்.