அத்தையின் கை

பெரியப்பாவின் சினிமா கம்பெனிக்கு முத்திரையாக ஓடும் விளக்குப் படம், ஆளொருவர் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் முடிந்துவிடும். கறுப்புத் திரையில் ஒரு குத்துவிளக்கு. வளையல் குலுங்க ஒரு கை வந்து திரியை ஏற்றிவிட்டுப் போகும். சுடர் நிமிர்ந்து நிற்கும். பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து அணையப் பார்க்கும். அப்போது ஓரத்திலிருந்து இன்னொரு கை நீளும். வளையல் ஒன்றுகூட இல்லாத கை. அது குவிந்து காற்றை மறைக்க, சுடர் பிழைத்து நிமிரும். கம்பெனியின் பெயர் கீழிருந்து எழும்பும். போன மாதம் யாரோ இணையத்தில் ஏற்றியிருந்த ஒரு பழைய படத்தைக் கைப்பேசியில் தட்டினேன். படத்துக்கு முன்னால் இந்த விளக்கு வந்து நின்றது. அந்த இரண்டாவது கை என் அத்தையுடையது.

பெரியப்பா உத்திரமேரூரில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே விநியோகக் கம்பெனி நடத்தினார். கம்பெனி என்றால் ஒரு மேஜை, ஒரு தொலைபேசி, சுவரோரம் அடுக்கிய தகரப் பெட்டிகள். பட்டணத்தில் ஓடி ஓய்ந்த படங்களின் பிரதிகளை வாங்கிச் சுற்றுவட்டார டூரிங் கொட்டகைகளுக்குப் பெட்டி அனுப்புவார். "நம்முளுது கடைசிப் பந்திமா, ஆனா எலயில ஒண்ணும் கொறையாது" என்பார். கடைசிப் பந்திக்காரருக்கு ஆசை மட்டும் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தது. தான் அனுப்பும் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் தன் கம்பெனியின் முத்திரை ஓட வேண்டும் என்று பிடிவாதம்.

தெரிந்த ஒளிப்பதிவாளர் ஒருவர் எங்கோ மிஞ்சிய பிலிம் துண்டோடு வந்தார். எங்கள் கூடத்தில் கறுப்புத் துணி கட்டி விளக்கை வைத்தார்கள். பெரியம்மா பட்டுப்புடவையும் கை நிறைய வளையலுமாக வந்து ஏற்றினாள். எல்லாம் சரியாகத்தான் போனது. ஏரிக்காற்றை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அது ஜன்னல் வழியாக நுழைந்து சுடரைச் சாய்த்தது. எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓரமாக நின்றிருந்த அத்தை கையை நீட்டி மறைத்தாள்.

அத்தை பெரியப்பாவின் தங்கை. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே புருஷனை இழந்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவள். விசேஷ வீட்டில் ஆரத்தித் தட்டு வெளியே வந்தால், யாரும் சொல்லாமலே உள்ளே போய்விடுவாள். அன்று அவள் எதையும் யோசிக்கவில்லை. விளக்கு அணையப் போனது, கை போனது, அவ்வளவுதான். மறுபடி எடுக்கலாமென்றால் பிலிம் இல்லை. பெரியப்பாவோ அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, காசு கொடுத்தாலும் இப்படி அமையாது என்று குதித்தார்.

வந்தவாசிப் பக்கத்துக் கொட்டகைக்காரர் ஒருவர் வந்தார். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, "இன்னாபா இது? எட்த்த எடுப்புலயே மூளிக் கைய காட்னா படம் எப்டி ஓடும்?" என்று கேட்டார். காபி கொடுத்ததே அந்தக் கைதான் என்பது அவருக்குத் தெரியாது. அத்தை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் வெளியே வந்தாள்.

"அத வெட்டிடுண்ணா. வெட்ற வரிக்கும் இந்த வூட்ல சோறு துன்ன மாட்டேன்."

பெரியப்பா கெஞ்சினார், திட்டினார். அவள் தட்டுப் பக்கமே வரவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பட்டணம் போனவர் சாயங்காலம் திரும்பி, "வெட்டியாச்சு, போய்த் துன்னு" என்றார். அவள் சாப்பிட்டாள். ஆனால் தன் கண் பட்டால் அண்ணன் தொழிலுக்கு ஆகாது என்று அன்றோடு கொட்டகைக்குப் போவதையும் விட்டுவிட்டாள். ஒரு வாய்க்கு இத்தனை வலு இருக்கிறதே என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

அந்த வாரமே பெரியப்பா என்னைப் பக்கத்து ஊரான பெருநகரின் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். விளக்கு வந்தது. சுடர் சாய்ந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன், அத்தையின் கை நீள்கிறது. எனக்கு முன்னால் மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் திரையைக் கும்பிட்டு விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கோயில் தீபத்துக்குச் செய்வதைப் போலவே செய்தார்கள். பெரியப்பா குனிந்து, "வூட்டுக்குப் போனா அத்தைக்குக் கதைய மட்டும் சொல்லு, இன்னா?" என்றார். வந்தவாசிக் கொட்டகைக்கு அதன் பிறகு எங்கள் பெட்டி போகவில்லை. அந்தக் கொட்டகைக்காரர் கேட்டது விளக்கில்லாத பிரதி. பெரியப்பா அதற்கு இசையவில்லை.

நான் கதையை மட்டும் சொன்னேன். அத்தை அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள். சண்டைக் காட்சியில் முறத்தை நிறுத்துவாள், அழுகைக் காட்சியில் மூக்கை உறிஞ்சுவாள். அப்படியே எல்லாப் படமும் அவளுக்கு மனப்பாடம். கொட்டகைகள் போய், கம்பெனி போய், பெரியப்பாவும் போய்விட்டார். பொய் மட்டும் பத்திரமாக என்னிடம் இருந்தது.

அத்தை இப்போது என்னோடுதான் இருக்கிறாள். கைப்பேசியில் வந்த விளக்கை அவளுக்குக் காட்டலாமா வேண்டாமா என்று எனக்குள் பெரிய பஞ்சாயத்து நடந்தது. செத்தவரைப் பொய்யராக்குவதா என்றிருந்தது. கடைசியில், இந்த வயதிலாவது அவள் பார்க்காவிட்டால் வேறு எப்போது என்று தோன்றவே, நாஷ்டா முடிந்ததும் கண்ணாடியை மாட்டிவிட்டுக் கைப்பேசியைக் கையில் கொடுத்தேன்.

பார்த்தாள். கை வந்த இடத்தில் முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

"வெட்டிட்டேன்னு சொல்லிச்சே அண்ணன்."

வெட்டவே இல்லை என்றேன். வந்தவாசிக் கொட்டகை போனதைச் சொன்னேன், பெருநகர்ப் பெண்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டதைச் சொன்னேன். தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"படம்லாம் ஓடிச்சா?"

இத்தனை காலமும் அவள் மனதில் கிடந்தது வந்தவாசிக்காரரின் அந்தக் கேள்விதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "சிலது ஓடிச்சு, சிலது ஊத்திக்கிச்சு. எல்லாருக்கும் அப்டித்தான் அத்த" என்றேன். 

அதற்குள் படம் தொடங்கி, கதாநாயகன் குதிரையில் வந்துகொண்டிருந்தான். அத்தை கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்.

"இவன் கதைதான் நீ அப்பவே சொல்லிட்டியே. அந்த வெளக்க இன்னொரு தபா போடு."

போட்டேன்.