குடைக்காரியின் குடை

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று. பல்செட்டு செய்யும் பட்டறையில், யாருடைய வாய்க்கோ போகவேண்டிய கீழ்வரிசைப் பற்களை அவர் மெழுகில் திருத்திக்கொண்டிருந்தார். விரலெல்லாம் மெழுகு. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"மாமா, நம்ம பக்கத்தைத் திறந்து பாருங்க. ஒண்ணுமே இல்ல."

மனைவியின் தம்பி. குரலில் பதற்றம் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"நெட் போயிருக்கும்டா."

"நெட்டெல்லாம் இருக்கு. குடைக்காரிதான் இல்ல. உரிமையாளர் புகார் குடுத்ததால எடுத்துட்டோம்னு போட்டிருக்கான்."

குடைக்காரி என்பது அவர் மனைவி வீட்டார் வைத்த பெயர். அந்த வீடியோ கேமுக்கு அதைச் செய்த நிறுவனம் வைத்த பெயர் வாயில் நுழையாது. மழை விடாத ஓர் ஊரில் சிவப்புக் குடையோடு ஒரு சிறு பெண் நடந்துகொண்டே இருப்பாள். குடையை விரித்தால் மிதப்பாள், மடக்கினால் அதுவே கம்பு. பள்ளி விட்டு வந்ததும் பக்கத்து வீட்டில் அக்காவும் தம்பியும் முறைவைத்து, முறைக்காகச் சண்டைபோட்டு ஆடிய விளையாட்டு. கடைசியில் அவள் ஒரு படகுத்துறைக்கு வந்து நிற்பாள். 'தொடரும்' என்று வரும். நிறுவனம் தொடரவே இல்லை. தம்பிதான் தொடர்ந்தான்.

அவன் ஜெராக்ஸ் மெஷின் மெக்கானிக். சட்டையில் எப்போதும் கறுப்புப் பொடி. மெஷின் நின்றால் அவனைத் தேடுவார்கள், ஓடினால் ஆளையே மறந்துவிடுவார்கள். காகிதம் சிக்கிய மெஷினை முதலில் தட்டிக்கொடுப்பான். "திட்டினா இன்னும் மெல்லும் சார்" என்பான். வீட்டுக்கு வந்தால் வரைவான். பழைய விளையாட்டிலிருந்து ஒரு கோடுகூட எடுக்கவில்லை. எல்லாம் அவன் கையால் வரைந்தது. அக்கா புருஷனான அவர் மாலைகளில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு, அந்தப் படங்களை நடக்கவைத்தார்.

பிறகு அவனுடைய இதயம் வீங்கிப்போனது. படி ஏறாதே, எடை தூக்காதே என்றார் டாக்டர். இரண்டும் இல்லாமல் மெக்கானிக் வேலை ஏது? அக்கா வீட்டு முன்னறைக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தான். முன்பின் தெரியாத யாராவது ஒருத்தர் அந்தப் படகுத்துறையைத் தாண்டிப் போவதைப் பார்த்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவன் மிச்சம் வைத்திருந்த ஆசை.

அடுத்தவர் விளையாட்டுக்கு அன்பினால் தொடர்ச்சி செய்கிறவர்களிடையே எழுதாத ஒரு வழக்கம் உண்டு. முடியும்வரை மூச்சு விடக்கூடாது. முடிந்ததும் முழுதாக ஒரே நாளில் வெளியே விட்டுவிட வேண்டும். அப்புறம் யார் தடுத்தாலும் பிரதிகள் பலர் கைக்குப் போயிருக்கும். இது அவர்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தே முன்னோட்டம் ஒன்றைப் போட்டார்கள். அவன்தான் கேட்டான்: "முடிஞ்சதும் காட்டலாம், முடிஞ்சதும் காட்டலாம்னா நான் எப்ப பாக்கறது?" அவரால் மறுக்க முடியவில்லை. தலைப்பில் விளையாட்டின் பழைய பெயரே பெரிதாக இருந்தது. கூட்டம் சேர்ந்தது. படகுத்துறைக்கு அப்புறம் என்ன என்று யார் யாரோ கேட்டார்கள். அவன் கட்டிலில் படுத்தபடி ஒவ்வொன்றாகப் படித்துச் சிரித்தான். நிறுவனமும் படித்திருக்கிறது.

பட்டறைக்கு மேல்மாடியில் இருந்த வக்கீலிடம் போனார்.

"சும்மாதான் சார் குடுக்கறோம். எல்லாம் எங்க கையால வரைஞ்சது."

"சும்மா குடுத்தது உங்க நல்ல மனசு. ஆனா அந்தப் பொண்ணு அவங்களோடது. பேரும் குடையும் அவங்க டிரேட்மார்க். எந்தக் கம்பெனி மெஷினா இருந்தாலும் நாம ஜெராக்ஸ்னுதானே சொல்றோம்? தன் பேரும் அப்படிப் பொதுவாப் போயிடுமோன்னு ஒவ்வொரு கம்பெனிக்கும் பயம். நிறுத்துன்னுதான சொல்லியிருக்காங்க, கேஸ் போடலையே. மரியாதையா சொல்றப்பவே கேட்டுக்கங்க."

"வேற வழி?"

"அவங்களோடதை எல்லாம் எடுத்துட்டு உங்களோடதா ஆக்குங்க."

சாயங்காலம் அதைச் சொன்னதும் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"குடை இல்லாம அவ எப்படி மாமா? நீங்க யாரோட பல்லையோ எனக்கு மாட்டிவிடற மாதிரி இருக்கு."

"மாட்டினா ரெண்டு நாள் வலிக்கும், அப்புறம் பழகிடும்."

"கடைப் பலகைய நாமளே பெயின்ட் அடிச்சா கடை நம்மளதாயிடுமா?" என்றாள் அக்கா, துணி மடித்தபடியே. "குடை அவங்களதுன்னா குடுத்துட்டுப் போ. நம்ம வீட்ல என்னிக்குடா குடை இருந்துச்சு? ஆளுக்கொரு சாக்கைத் தலைல போட்டுக்கிட்டுத்தானே ஸ்கூலுக்குப் போனோம்."

அவன் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"சாக்குல காத்து புகுந்தா மிதக்கலாம்."

"மிதந்தியே ஒருநாள், சாக்கடைல."

அந்த முன்னறையில் நெடுநாள் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எத்தனை படங்களை மறுபடி வரைய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

பெயர் போனது. முகம் மாறியது, உடை மாறியது. குடைக்குப் பதில் தலைக்குமேல் சாக்கு, அதைப் பிடித்த வலது கை. ஒரு நடைக்கே பல படங்கள். அவனால் தொடர்ந்து உட்கார முடியவில்லை. ஒரு படம் வரைவான், மூச்சு வாங்கும், தலையணையில் சாய்வான்.

"இடப்பக்கம் நடக்கறதை மட்டும் வரை. வலப்பக்கத்துக்கு அதையே நான் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டுடறேன். ஒரு பட்டன்தான்."

"அவ வலது கைக்காரி மாமா. திருப்பினா சாக்கு இடது கைக்குப் போயிடும்."

"யாருடா அதைப் பாக்கப்போறா?"

"நான் பாப்பேன்ல."

ஒரு மதியம் அவருக்கு மறுபடி பட்டறைக்குப் போன் வந்தது. இந்த முறை மனைவி. "ஏங்க, வந்துடுங்க" என்று மட்டும் சொன்னாள். கையிலிருந்த மெழுகைத் துடைக்காமலே ஓடினார். அவன் மூச்சு அடங்கியிருந்தது. கட்டிலருகே கம்ப்யூட்டர் திறந்தபடி இருந்தது. அக்காதான் அதை மூடினாள்.

பழைய முன்னோட்டத்தைப் பார்த்தவர்கள் சிலர் இன்னும் அவருக்குச் செய்தி அனுப்பிக் கேட்கிறார்கள். படகுத்துறைக்கு அப்பால் உள்ள ஊர் முழுக்கத் தயார். பாட்டு தயார். வக்கீலும் பார்த்து, குடை போய்விட்டால் வெளியிடலாம் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கம்ப்யூட்டரைத் திறந்து, திருப்பும் பட்டன்மேல் மவுசைக் கொண்டுபோய் வைக்கிறார். பிறகு கையை எடுத்துக்கொள்கிறார். காய்கறி நறுக்கிக்கொண்டிருக்கும் அக்கா நிமிர்ந்து பார்க்கிறாள், மறுபடி நறுக்குகிறாள்.

முன்பக்கம், பின்பக்கம், இடப்பக்கம் மூன்றிலும் சாக்கு வந்துவிட்டது. வலப்பக்கம் நடக்கும் படங்களில் மட்டும் சிவப்புக் குடை அப்படியே இருக்கிறது.