ரவை தூவிய முகம்

சாலட்டுக்காக மகள் வினிகர் பாட்டிலைத் திறந்ததும், ஆவடி குவார்ட்டர்ஸ் எதிரே இருந்து பிறகு மேம்பாலம் கட்ட இடிபட்டுப்போன போட்டோ ஸ்டூடியோவில் படம் கழுவும் மருந்தின் புளித்த நெடியும், சிவப்பு பல்பும், கிளிப்பில் தொங்கிச் சொட்டும் படங்களும் என் முன்னே வந்து நின்றன, பிள்ளைகளே.

ஷிப்ட் முடிந்து, பொழுது சாய்ந்தபின் எடுத்த அப்பாவின் படத்தை அங்கே வாங்கிப் பார்த்த அம்மா, "இன்னா அண்ணாத்தே, எம் புருசன் மூஞ்சில ரவைய தூவி வச்சிக்கீறே?" என்றாள்.

"ரவை இல்லக்கா, வெள்ளி! வெளிச்சம் கம்மி, அதான் சட்டுனு வெளிச்சம் புடிக்கிற பெரிய பொடி ஃபிலிம் போட்டேன்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"வெள்ளியா? உருக்குனா ஒரு கொலுசாவது வருமா?"

ஃபிலிமில் அந்த வெள்ளிப் பொடி சின்னதும் பெரிசுமாய்ச் சிதறிக் கிடக்கும். போனிலோ வெளிச்சம் வாங்கும் கட்டங்கள் ஒரே அளவில் வரிசையாய் நிற்கும், வெளிச்சம் குறைந்தால் அங்கேயும் தெறிக்கிற புள்ளிகளைப் போனே கணக்குப் போட்டு நிரவிவிடும், அதுவும் லேசுப்பட்ட வேலையில்லை.

அப்பாவுக்கென்று இருப்பது அந்த ஒரே படம்தான். நாளை அவர் நினைவு நாளுக்குச் சட்டம் போட, மகள் அதைப் போனில் வழவழப்பாக்கினாள். ரவையோடு சேர்ந்து, லேத்தில் தெறித்த பொறி சுட்ட கன்னத்துத் தழும்பும் காணாமல் போயிருந்தது.

"இது யாருப்பா?" என்று முழித்தாள். பிறகு பழைய படத்தையே எடுத்துச் சட்டத்துக்குள் வைத்தாள். "தாத்தா ரவையோடவே இருக்கட்டும்."