இடது பக்கத்து நட்டு

பக்கிரிசாமி அண்ணனிடம் வண்டி விடுகிறவனுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுடா இம்ரான்" என்று என் உம்மா வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

கிள்ளானில் ஒரு டயர் கடையின் பின்பக்கம், முப்பத்தொரு வருஷமாக அண்ணனுக்கு ஒரே வேலை, அலைன்மென்ட். சக்கரம் நேராக ஓடும்படி திருத்திக் கொடுப்பது. ஊர்க் காரையெல்லாம் நேராக்கிய மனிதருக்குச் சொந்தக் கார் கிடையாது. போவதும் வருவதும் பழைய மோட்டார் சைக்கிளில்தான். எந்தக் காரானாலும் ஓட்டுகிறவர் சீட்டில் இரண்டு அரிசி மூட்டையை ஏற்றி வைத்துத்தான் அளக்கவே தொடங்குவார். "ஆளு உக்காந்துதானே ஓட்டப் போறான், காலி வண்டிய அளந்து என்னா பண்றது?" என்பார். சக்கரத்தைத் திருப்பும் கம்பியைத் திருகிச் சரிசெய்து நட்டை முறுக்கியதும், மகள் பூசி மிச்சம் வைத்த சிவப்பு நகப்பூச்சால் நட்டின் மேல் ஒரு கோடு இழுப்பார். பிறகு எப்போதாவது நட்டு அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

"என்னாண்ணே, நட்டுக்கெல்லாம் கியூடெக்ஸா? அப்படியே மருதாணியும் வச்சி விடுங்க" என்று கிண்டல் செய்வேன். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "இன்னொரு பக்கம் இருக்கு, இரு" என்று குனிந்துவிடுவார்.

என் பிழைப்பு வேன். வாரத்தில் மூன்று நாள் கிள்ளானிலிருந்து ஆறு பேரை டயாலிசிஸ் செய்ய பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கூட்டிப் போகிறேன். ஸ்பிரிங் நான்கும் உட்கார்ந்துபோய், ஒவ்வொரு மேட்டிலும் அவர்கள் முனகுவது என் காதில் விழும். கேட்டுக்கொண்டே ஓட்ட முடியவில்லை. போன மார்ச்சில் புது ஸ்பிரிங் போட்டேன். வண்டி இரண்டு விரல் உயர்ந்து நின்றது. உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் மாறும், ஸ்டீரிங் ஒரு பக்கமாக இழுக்கும். அதனால் மறுநாள் காலை எட்டு மணிக்கு அண்ணனிடம் கொண்டு போனேன்.

ஒன்பதே கால் ஆகியும் அவர் வேனுக்கு அடியில் இருந்த குழியைவிட்டு ஏறவில்லை. பதினொரு மணிக்கு ஆறு பேரும் மெஷினில் இருக்க வேண்டும். நான் காலில் சுடுதண்ணீர் கொட்டிக்கொண்டவன்போல நின்றேன். கம்ப்யூட்டர் திரையில் எண்கள் எல்லாம் பச்சைக்கு மாறின.

"அண்ணே, எல்லாம் பச்சை ஆயிருச்சு லா. மேல வாங்க. அவங்கள்லாம் காத்துக்கிட்டு இருக்காங்க."

"ரெண்டே நிமிசம் தம்பி."

ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹாரனை அழுத்தினேன். கையை எடுக்காமல் அழுத்தினேன். அவர் நகப்பூச்சுப் புட்டியும் கையுமாக மேலே வந்தார். அரிசி மூட்டைகளை நானே இறக்கிப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஆறு பேரையும் இறக்கிவிட்டு, டயாலிசிஸ் நிலையத்தை ஒட்டிய சந்தில் வேனை நிறுத்தி, டீ குடிக்கப் போனேன். ஓட்டும்போது போன் சத்தத்தை அடைத்து வைப்பேன். அன்று திறந்துவிட மறந்துபோனேன். திரும்பி வந்தால் வேனுக்கு அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. எவனோ எதையோ கழற்றுகிறான் என்று காலைப் பிடித்து இழுத்தேன்.

பக்கிரிசாமி அண்ணன். வழியெல்லாம் மழை பெய்திருக்கும் போல, தொப்பலாக நனைந்திருந்தார்.

"ஒம்போது தடவ கூப்ட்டேன் தம்பி. அடுத்த காருக்குக் கோடு போடும்போதுதான் நெனப்பு வந்துச்சு. ஒனக்கு வலது பக்கம் போட்டேன். இடது பக்கம் போட்டதா ஞாபகமே இல்ல."

"நட்டு முறுக்கியிருந்துச்சா?"

சட்டை முனையில் கையைத் துடைத்தார். "இல்ல. கையாலேயே சுத்துச்சு. இப்ப முறுக்கிட்டேன். இன்னிக்கே கழண்டிருக்கும்னு சொல்லல. கொஞ்சங் கொஞ்சமாத் திருகிக்கிட்டே போயி, ஒரு நாளு ஸ்டீரிங் சொல்பேச்சு கேக்காது."

ஃபெடரல் ஹைவேயில் லோரிகளுக்கு நடுவே ஆறு உயிரை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஹாரன் அடித்து என்னை மேலே ஏற்றியவன் நீதானே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குனிந்து வேனுக்கு அடியில் பார்த்தேன், இடது நட்டின் மேல் சிவப்புக் கோடு ஈரமாக இருந்தது.

"சரிண்ணே. முறுக்கியாச்சு, கோடும் போட்டாச்சு. இதோட விடுங்க. உள்ள இருக்கிறவங்க காதுல போட வேணாம்."

"உக்காந்து போறவங்க அவங்க தம்பி. அவங்களுக்குத் தெரியணும்."

நான் மறைக்கச் சொன்னது அவர் பெயர் கெடக்கூடாது என்பதற்காக மட்டும் இல்லை. ஆறு குடும்பமும் என் வேனை வேண்டாம் என்றுவிட்டால் என் கதி என்ன? வெட்கக்கேடுதான், ஆனால் அந்தப் பயம்தான் முன்னால் வந்தது.

மூன்றரை மணிக்கு, கையில் பிளாஸ்திரியோடு ஒவ்வொருவராக வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அண்ணன் கைகட்டி நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஹாரனைப் பற்றி அப்போதும் வாய் திறக்கவில்லை. நான்தான், "அவர அவசரப்படுத்துனது நான்தான்" என்றேன். ஒருவர் எழுந்து, "நான் கிரேப் டாக்சி பிடிச்சிப் போயிக்கிறேன்" என்று நடந்துவிட்டார். மற்றவர்கள் கிருஷ்ணம்மாளைப் பார்த்தார்கள். எழுபது வயது, ஏழு வருஷமாக ஊசி தாங்கும் கை. அந்த ஆறு பேரில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"நீ எதுல வந்தப்பா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"மோட்டார்லம்மா."

"அது இங்கேயே கெடக்கட்டும். நீ வண்டியில ஏறு. நீ ஏறுனா நானும் ஏறுறேன்."

அண்ணன் ஏறி நடு வரிசையில் உட்கார்ந்தார். கிருஷ்ணம்மாள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்ற நான்கு பேரும் ஏறினார்கள். இடது ஓரமாகவே, லோரிக்கெல்லாம் வழிவிட்டு ஓட்டினேன். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது எல்லாரும் தூங்கிவிடுவது வழக்கம். அன்று முதலில் யாரும் கண்ணை மூடவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஷா ஆலம் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். கிருஷ்ணம்மாள் மட்டும் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். தலை அண்ணன் தோளில் சாய்ந்திருந்தது. அண்ணன் முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கிள்ளான் வந்து சேரும்வரை அந்தத் தோளை அசைக்கவே இல்லை.