திரும்பி வந்த டிரம்கள்

கம்பெனிகளுக்கு விலை போடுவதுதான் அவளுடைய வேலை. கட்டடத்தையும் இயந்திரங்களையும் வேறு ஆட்கள் பார்ப்பார்கள். பிராண்ட் பெயர், செய்முறை, வாடிக்கையாளரின் நம்பிக்கை என்று கையில் பிடிக்க முடியாதவை எல்லாம் அவள் பங்கு. பதினாறு வருடமாக இதே பிழைப்பு. இருந்தும் ஒவ்வொரு அறிக்கையும் முடியும்வரை அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அந்த வாரங்களில் அவளிடம் உப்பு கேட்டால் சர்க்கரை வரும் என்பான் கணவன்.

ஒரு முறை அவளிடம் வந்தது ஒரு பசைத் தொழிற்சாலை. வாங்க வந்தவர்கள் இயந்திரங்களின் மதிப்பைப்போல் மூன்று மடங்கு தரத் தயாராக இருந்தார்கள். மிச்ச இரண்டு மடங்கு எதற்கு என்று அவள் சொல்ல வேண்டும். பசையின் செய்முறை கோப்பில் பத்திரமாக இருந்தது. அதற்கே பெரிய தொகை போடலாம் என்று நினைத்தாள். ஆனால் பதிவேடுகளைப் புரட்டியபோது ஒரு மாதம் உறுத்தியது. வழக்கமாக நூறு டிரம்முக்கு இரண்டு, பசை சரியில்லை என்று திரும்பி வரும். அந்த மாதம் பதினொன்று. விசாரித்தாள். கலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும், எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் பெண், மாமியாரின் ஆபரேஷனுக்காக லீவில் இருந்த மாதம் அது.

நேரில் போய்க் கேட்டாள். அக்கா தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஃபைல்ல இருக்கறது வெயில் நாளைக்குத்தான் சரி. ஈரக்காத்து அடிச்சா நான் கொஞ்சம் மாத்துவேன்."

ஆட்களின் திறமையைச் சொத்துப் பட்டியலில் சேர்க்க விதி இல்லை. ஆள் நாளைக்கே எழுந்து போய்விடலாம். அதனால் செய்முறையின் மதிப்பைப் பாதியாகக் குறைத்து, காரணத்தையும் எழுதிவிட்டாள். தொழிற்சாலை முதலாளியின் முகம் கறுத்தது.

"இது அந்தம்மா காதுக்குப் போகக் கூடாது," என்றார். வாங்குபவர்களும் தலையாட்டினார்கள். முதலில் அக்காவுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்வது, ஆளை வைத்துக்கொள்வதா என்பதைப் பிறகு பார்ப்பது என்று முடிவானது.

ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டவள் அவள். காரில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். கடைசியில் கலவைக் கூடத்துக்கே போய்விட்டாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதித் தரச் சொல்வாங்க. நீங்க லீவுல இருந்தப்ப எத்தனை டிரம் திரும்பி வந்துச்சுன்னு கேட்டுட்டு அப்புறம் பேனாவை எடுங்க."

எழுதித் தரச் சொன்னவர்களிடம் அக்கா அதையே கேட்டார். ஐந்து வருட ஒப்பந்தமும் இரட்டைச் சம்பளமும் கைக்கு வந்த பிறகே எழுதினார். விஷயம் எங்கே கசிந்தது என்று தோண்டியதில் இவள் அகப்பட்டாள், வேலை போயிற்று. இப்போது தனியாகச் சின்னக் கம்பெனிகளுக்கு மதிப்பிட்டுக் கொடுக்கிறாள்.

செய்தது சரியா என்று கணவனிடம் கேட்டுக் கேட்டு அலுத்து, ஒருநாள் அக்காவுக்கே போன் போட்டாள். கலக்குகிற நேரம், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார் அக்கா. இன்னும் கூப்பிடவில்லை.