பன்னிரண்டு நிமிடம் பிந்தி அணைந்த மலை

தாஷ்-கோரோ கிராமத்தில் சபிர்குல் என்றொரு மனிதர் இருக்கிறார் என்பது டிவியில் படம் நின்றுபோகும்போது மட்டும்தான் ஊருக்கு ஞாபகம் வரும். ஊருக்குப் பின்னால் உள்ள மலை உச்சியில் டிவி கோபுரத்தையும் அதன் அடியில் ஒற்றை அறையையும் இருபத்தொன்பது வருஷமாகக் காத்துவந்தவர் அவர். படம் தெளிவாகத் தெரிந்த ஒரு நாளில்கூட அவருக்கு யாரும் ஒரு வாய் குதிரைப்பால் நீட்டியதில்லை. படத்தில் புள்ளி விழுந்தால் மட்டும் அவர் மனைவி பூருலைக் கிணற்றடியில் நிறுத்திக் கேட்பார்கள். பனிக்காலத்தில் குதிரை ஏறாத இடத்தில் தவழ்ந்து ஏறி, கம்பளி சுற்றிய தடியால் ஆன்டெனாவில் உறைந்த பனியைத் தட்டி உதிர்ப்பார். அதிபர்கள் மாறினார்கள், பணம் மாறியது, கொடி மாறியது. அத்தனையும் சபிர்குல் தட்டிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

அப்படிப்பட்டவருக்கு அந்த மே மாதம் மாகாணத்திலிருந்து தாள் வந்தது. பழைய ஒளிபரப்பு முடிகிறது, இனி எல்லாம் டிஜிட்டல். பதினைந்தாம் தேதி பிற்பகல் சரியாக மூன்று மணிக்குப் பழைய டிரான்ஸ்மிட்டரை அணைத்து, மூன்று பேர் கையெழுத்திட்ட சான்றை அனுப்ப வேண்டும். தாளின் கடைசி வரி சின்ன எழுத்தில் இருந்தது. மாவட்டத்தில் மலை காக்கும் நான்கு பேரில் புதிய கருவிக்கு ஒரே ஒரு ஆள் போதும். ஆணையை நேரம் தவறாமல் நிறைவேற்றுகிறவருக்கு முன்னுரிமை.

சபிர்குலுக்கு வயது ஐம்பத்தாறு. ஓய்வூதியத்துக்கு இன்னும் ஏழு வருஷம். ஆடு மேய்க்கத் தெரியாத கிர்கிஸ்காரர் என்று ஊரில் ஒருவரைக் காட்டச் சொன்னால் அவரைத்தான் காட்டுவார்கள். அந்த வரியை அவர் எத்தனை முறை படித்திருப்பார் என்று கேட்க வேண்டாம்.

ஊருக்கோ வேறு கவலை. அதே பதினைந்தாம் தேதி இரண்டரை மணிக்கு, ஆசியப் பெண்கள் மல்யுத்த இறுதிப் போட்டி. மோதுகிறவள் தாஷ்-கோரோவின் கன்ஷாயிம். ஊரில் பாதிப்பேரை ஆறாம் வகுப்பிலேயே மண்ணில் கிடத்தியவள். கிடந்தவர்கள் எல்லாரும் இப்போது அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். டிஜிட்டல் படம் பார்க்க வேண்டிய பெட்டிகள் ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை. கைப்பேசியில் பார்க்கலாம் என்றால், அந்தப் பள்ளத்தாக்கில் கைப்பேசி நேரம் பார்க்க மட்டுமே உதவும்.

"இரண்டரைக்கு ஆரம்பிச்சா மூணுக்குள்ள முடிஞ்சிடும். எதுக்கு எல்லாரும் பதறுறீங்க?" என்று சபிர்குல் வீட்டில் சொன்னார்.

"மூணு மணிக்கு முடியலைன்னா?" என்றாள் பூருல், மாவைப் பிசைந்துகொண்டே.

"ஆணைன்னா ஆணை."

"சரி. கன்ஷா மேடையில நிக்கும்போது நீ அதை அணைச்சா, சாயங்காலம் இந்தப் பக்கம் வராத. அந்த மெஷினோடயே குடும்பம் நடத்து. இருபத்தொம்பது வருஷமா அதைத்தான பண்ற."

அணைப்பதை நேரில் பார்க்க மாகாணத்திலிருந்து ஏர்மெக் என்ற இளம் பொறியாளனும் முந்தின நாளே வந்து அவர்கள் வீட்டில் தங்கியிருந்தான். கூர்மூக்குச் சப்பாத்து, மடிக்கணினி, இரண்டு கைக்கடிகாரம். ஒன்று தவறினால் இன்னொன்று.

பதினைந்தாம் தேதி இரண்டு மணிக்கு அறையில் மூவரும் கூடினார்கள். மூன்றாவது ஆள் ஓமுர்சக். சான்றில் 'பொதுமக்கள் பிரதிநிதி' கையெழுத்திட வேண்டும் என்று ஆணையே சொன்னதால், ஊர் கூடி அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. எழுபத்தெட்டு வயது அக்சகால். ஊர்ப் பெரியவர்களில் மூத்தவர். கன்ஷாயிமின் தாத்தா. பேத்தி ஆடுகிற நேரத்தில் டிவிக்கு முன்னால் உட்காராமல் கிழவர் மலை ஏறி வந்தது ஏர்மெக்குக்கு வியப்பாக இருந்தது. கூட்டம் கூடிக் கல்லெறியும் என்று பயந்திருந்தவனுக்கு ஒற்றைக் கிழவர் வந்தது பெரிய நிம்மதி.

"போட்டி பாக்கலையா, அக்சகால்?" என்று கேட்டான்.

"கண்ணு சரியில்லப்பா," என்றார் ஓமுர்சக். வரும் வழியில் எதிர்மலைச் சரிவில் நின்ற தன் ஆடுகளை எண்ணிக்கொண்டே வந்தவர்.

விருந்தாளிக்கும் மூத்தவருக்கும் உரியது வாசலுக்கு எதிர்ப்பக்கம், சுவரோரம். கிழவர் அங்கே உட்கார்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் சின்ன மானிட்டர், கறுப்பு வெள்ளை. அதன் குரல் போய் எட்டு வருஷம் ஆகிறது. வெளியே போகும் படம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டரை ஆனது. மானிட்டரில் கன்ஷாயிம் வரவில்லை. கோட்டு போட்ட ஒருவர் வந்து மைக் முன் நின்றார். விளையாட்டின் சிறப்பைப் பற்றி அவர் பேசத் தொடங்கினார். இரண்டே முக்காலுக்கும் பேசினார். குரல் இல்லாததால் அந்த அறைக்கு அவர் வாய் மட்டும் கிடைத்தது. சபிர்குல் அந்த வாயையே வெறித்துக்கொண்டு, தேநீரை உப்பா சர்க்கரையா என்று தெரியாமல் குடித்தார்.

கிழவர் அவசரமே இல்லாமல் ஏர்மெக்கிடம் குலம் கேட்டார், தகப்பன் பெயர் கேட்டார், கல்யாணம் ஆயிற்றா என்றார். ஆயிற்று, ஆறு மாசம் என்றான் அவன். யாருக்கு ஆறு மாசம் என்று கேட்டுக் கிழவர் சிரித்தார். அவளுக்குத்தான் என்று அவனும் சிரித்துவிட்டான்.

இரண்டு ஐம்பத்தேழு. ஏர்மெக் எழுந்து நின்றான். "ஆரம்பிக்கலாமா?"

"பாதா வேண்டாமா?" என்றார் ஓமுர்சக்.

ஏர்மெக் தயங்கினான். பெரியவர் வாயால் ஆசி வாங்காமல் அந்த நாட்டில் ஆட்டுக்குக் கத்தி வைப்பதில்லை, வண்டிக்குச் சாவி போடுவதில்லை. "சரி, அக்சகால். சுருக்கமா."

சபிர்குல் மறுக்கவில்லை. ஓமுர்சக்கின் பாதா ஊரறிந்த கஞ்சத்தனம். பேரனின் கல்யாணத்தில் அவர் ஆசி சொல்லி முடித்தபோது மாப்பிள்ளை இன்னும் கையை விரித்திருக்கவில்லை.

மூவரும் உள்ளங்கைகளை வானம் பார்க்க விரித்து நெஞ்சுக்கு நேரே பிடித்தார்கள். மூத்தவர் 'ஓமின்' என்று சொல்லி முகத்தைத் தடவும்வரை, விரித்த கையை எவனும் இறக்க மாட்டான். இறக்கியவனை மூன்று தலைமுறைக்குப் பெயர் சொல்லிக் காட்டுவார்கள்.

கிழவர் தொடங்கினார். மலை நன்றாக இருக்கட்டும் என்றார். மலைமேல் நிற்கும் இரும்பு நன்றாக இருக்கட்டும் என்றார். இரும்பை உருக்கியவன், சுமந்து வந்த கழுதை, கழுதைக்குப் புல் போட்டவன், எல்லாரும் நன்றாக இருக்கட்டும். மூன்று மணி அடித்தது. இரண்டு கைக்கடிகாரமும் ஒரே குரலில் கீச்சிட்டன.

"அக்சகால், மணி…" என்றான் ஏர்மெக்.

"மணியும் நல்லா இருக்கட்டும். மணி பாக்குற பிள்ளையும் நல்லா இருக்கட்டும். அவன் வீட்டுல ஆறு மாசமா வளர்ற உசுரு சுகமா வெளிய வரட்டும், ஆம்பளைப் பிள்ளையா வரட்டும், குதிரை மாதிரி காலோட வரட்டும்…"

ஏர்மெக்கின் வாய் மூடிக்கொண்டது. கை இன்னும் இரண்டு விரல்கடை மேலே ஏறியது. பிறக்காத பிள்ளைக்கு விழும் ஆசியை எந்தத் தகப்பன் தட்டுவான்?

மூன்று மணி மூன்று நிமிடத்துக்குக் கோட்டுக்காரர் போய்த் தொலைந்தார். மானிட்டரில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். சிவப்புச் சட்டை எது, நீலச் சட்டை எது என்று அந்தத் திரைக்குத் தெரியாது. இடது முழங்காலில் கட்டுப் போட்டவள் கன்ஷா. சபிர்குலின் கண் கிழவரின் தோளைத் தாண்டி அங்கே போய் ஒட்டிக்கொண்டது. மறுகணம் அவர் ஒன்றைக் கண்டுகொண்டார். ஓமுர்சக் கண்ணை மூடவில்லை. ஆசி சொல்லும் வாய் ஒரு பக்கம் ஓட, இரண்டு கண்ணும் சபிர்குலின் முகத்தையே பார்த்தன.

கிழவருக்குத் திரும்பிப் பார்க்க முடியாது. பாதா சொல்கிறவர் தலையைத் திருப்பினால் ஆசி சிந்திப்போகும். அவர் பேத்தியின் போட்டியைச் சபிர்குலின் முகத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் சபிர்குலுக்கு வேலை ஒன்றுமில்லை, அதுதான் வேதனை. முகத்தைக் கல்லாக்கிக்கொண்டால் போதும். கிழவர் குழம்பி முடித்துவிடுவார். நாலு நிமிடத் தாமதத்தை ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஏழு வருஷச் சம்பளம் பிழைக்கும். அவர் முகத்தைக் கல்லாக்கப் பார்த்தார். கன்ஷா எதிராளியின் காலை வாரி இரண்டு புள்ளி எடுத்தாள். கல் சிரித்துவிட்டது.

கிழவரின் குரல் தெம்பாக ஏறியது. இடைவேளை முழுக்க ஆடுகளுக்கு நிறம் நிறமாக ஆசி கிடைத்தது. ஏர்மெக்கின் நெற்றியில் வேர்த்து, மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கக் கை இல்லை.

இரண்டாம் பாதியில் அடி விழுந்தது. எதிராளி கன்ஷாவைப் பின்னாலிருந்து கவ்வி ஒரு சுற்றுச் சுற்றினாள்; மறுபடி ஒரு சுற்று. இரண்டுக்கு நான்கு. சபிர்குலின் தாடை தானாகத் தொங்கியது. அதைப் பார்த்த கிழவரின் முகம் சாம்பலானது. குரல் இறங்கியது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டார்.

"அப்படியே… எல்லாருக்கும்… நல்லதே…"

அது முடிவுச் சொல். அடுத்தது ஓமின், அதற்கடுத்தது அணைப்பு. மானிட்டரில் இன்னும் நாற்பது வினாடி இருந்தது. கன்ஷா எழுந்து முழங்கால் கட்டை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். கீழே ஊர் முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்சகால்," என்றார் சபிர்குல். தன் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "என் மாமியாரை விட்டுட்டீங்களே. பாவம், முட்டி வலியில கெடக்குறாங்க."

ஏர்மெக் மெல்லத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். கைகள் விரித்தபடியே இருந்தன. அந்தப் பார்வையில் எல்லாம் எழுதியிருந்தது.

"உன் மாமியா முட்டியில பலம் வரட்டும்," என்று கிழவர் பாய்ந்து பிடித்துக்கொண்டார். "வலது முட்டிக்கு வரட்டும். இடது முட்டிக்கு வரட்டும். அவ ஏறுற படி, எறங்குற படி…"

கன்ஷா குனிந்தாள். எதிராளியின் தொடையைப் பிடித்தாள். தள்ளினாள், வட்டத்துக்கு வெளியே தள்ளினாள். ஒரு புள்ளி. மறுபடி பிடித்தாள். சபிர்குலின் இரண்டு கையும் விரித்தபடியே அவளோடு சேர்ந்து தள்ளின. ஏர்மெக்கும் தன்னை அறியாமல் ஒரு காலை முன்னே வைத்திருந்தான். நேரம் முடிந்தது, நடுவர் ஊதினார். அவர்கள் காதில் விழவில்லை, கன்னம் உப்பியது தெரிந்தது. மூன்றுக்கு நான்கு.

சபிர்குல் கிழவரைப் பார்த்துக் கண்ணைத் தாழ்த்தினார்.

"ஓமின்," என்றார் ஓமுர்சக்.

மூவரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். சபிர்குல் எழுந்து பெரிய திருகுப்பிடியை இடப்பக்கம் திருப்பினார். ஒரு முனகல், திரையில் வெளிச்சம் புள்ளியாகச் சுருங்கிப் போனது. மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்.

ஏர்மெக் சான்றை எடுத்தான். தாமதத்துக்கான காரணம் என்ற கட்டத்தின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு, "உங்க மாமியார் செத்து நாலு வருஷம் ஆச்சுன்னு காலையில ரொட்டி வைக்கும்போது அக்கா சொன்னாங்க," என்றான்.

"அங்கயும் குளிருதான், தம்பி," என்றார் சபிர்குல்.

ஏர்மெக் பேனாவை மூடினான். கம்பித் தொலைபேசியில் மாகாணத்தைக் கூப்பிட்டு, பன்னிரண்டு நிமிடத் தாமதம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். மறுமுனை வெகுநேரம் பேசியது. மற்ற மூவரில் முதல் மலைக்காரர் சாவியோடு பக்கத்து மாவட்டக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். இரண்டாமவர் மாடு கன்று போட்டதும் வந்து அணைப்பதாகச் சொல்லியிருந்தார். மூன்றாமவர் காலை ஒன்பதுக்கே தவறி அணைத்து, ஊரார் ஏறி வந்து உபசரித்ததில் மறுபடி போட்டுவிட்டு, இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை.

ஏர்மெக் தொலைபேசியை வைத்தான். "மாவட்டத்துலயே நேரம் தவறாத ஊழியர் நீங்கதானாம். புது வேலை உங்களுக்குத்தான்," என்றான், சாவு வீட்டில் சேதி சொல்கிற குரலில். புதிய கருவியைத் தலைநகரிலிருந்தே இயக்குவார்கள் என்றும், கதவு முன்னால் பனியை வாரிப் போடுவதுதான் இனி வேலை என்றும் சேர்த்துச் சொன்னான்.

இறங்கும்போது கிழவர் குதிரைமேல், சபிர்குல் கடிவாளத்தைப் பிடித்தபடி நடை. முதல் வளைவு தாண்டியதும் ஓமுர்சக் கேட்டார்.

"எத்தனையில தோத்தா?"

"ஒரு புள்ளி, அக்சகால்."

"இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா ஜெயிச்சிருப்பா."

"ஆட்டம் மொத்தமே ஆறு நிமிஷந்தான்."

"அது அவங்க கணக்கு." கிழவர் சேணத்தில் அசைந்து உட்கார்ந்தார். "எனக்கு உன் மூஞ்சிதான் தெரியும். அந்த மூஞ்சியில ஒரு மண்ணும் வெளங்கல. மொதல்லருந்து சொல்லு. எந்தக் காலைப் பிடிச்சா?"

சபிர்குல் முதலிலிருந்து சொன்னார். பிடி பிடியாகச் சொன்னார். தேவையான இடத்தில் நின்று கிழவரின் குதிரைக் காலையே பிடித்துக் காட்டினார். முதல் வீட்டுச் சுவர் தெரிந்தபோது, கதையில் இன்னும் பத்து வினாடி பாக்கி இருந்தது. ஓமுர்சக் குதிரையை நிறுத்திவிட்டார்.